பதினைந்து வரட்டும்

திருநெல்வேலியில் பிறந்து, திருநெல்வேலியிலேயே பெண் எடுத்து, அங்கேயே வீடும் கட்டிய நான், ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஏறிக் கடல் தாண்டி வேலைக்குப் போன ஊருக்கும் திருநெல்வேலி என்றுதான் பெயர். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வடக்கே போகும் பலாலி வீதியில் இருக்கிறது அது. "போய்ச் சேர்ந்தாச்சா? எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று மனைவி தொலைபேசியில் கேட்டாள். சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்து வைத்துவிட்டாள். குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

போன காரியம் இது. சிக்னல் விளக்குக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சாலையோரம் ஒரு மின்பலகை இருக்கும். அதில் ஓர் எண் எரியும். அந்த வேகத்தில் வண்டியை விட்டால் விளக்கடிக்குப் போகும்போது பச்சை விழுந்திருக்கும். நிற்க வேண்டாம், பிரேக்கை மிதிக்க வேண்டாம், பெட்ரோலும் மிச்சம். எண் ஒரே இடத்தில் நிற்காது. பதினைந்தில் தொடங்கும். நேரம் ஆக ஆக இருபது, முப்பது என்று ஏறும். நாற்பத்தைந்தில் போனாலும் இந்தப் பச்சையைப் பிடிக்க முடியாது என்றானதும், அடுத்த பச்சைக்காக மறுபடி பதினைந்தில் வந்து விழும். அறிவுரைதான், உத்தரவு அல்ல. உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று மூன்று சந்திகளில் இதைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். பலகைகளைச் செய்தது எங்கள் கம்பெனி. சரிவர ஓடுகிறதா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

விமான நிலையத்தில் செல்வம் என்ற ஓட்டுநர் தன் வான் வண்டியோடு காத்திருந்தார். உரும்பிராய்க்காரர், நாற்பத்தெட்டு வயதிருக்கும். "சேர், ஆறுதலாப் போவமோ, கெதியாப் போவமோ?" என்றார். உங்கள் இஷ்டம் என்றேன். ஆறுதலாக, அதாவது மெதுவாகவே போனார். வழியில் நான்கு பேர் கைகாட்டினார்கள். நான்கு பேருக்கும் வானை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று முழுக் கதையும் சொன்னார். நான்காவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே என்னைப் பற்றிப் புதிய சில தகவல்கள் கிடைத்தன.

உள்ளூரில் இந்தச் சோதனைக்குப் பொறுப்பான பொறியியலாளர் ரஞ்சினி. மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடக் குடும்பத்துப் பெண், சின்ன வயது, கறார். மத்தியானம் கடைக்கு அழைத்துப் போனார். சாப்பாட்டின் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தார். சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மரவள்ளிக்கிழங்குக் கறி, கூடவே சொதி. எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து. இங்கே கேட்காமலே கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டு போகிறார்கள். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். பரிமாறியவர் ரஞ்சினியைப் பார்த்தார், ரஞ்சினி என்னைப் பார்த்தார். விசேஷம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் கோண்டாவில் பலகையைப் பார்க்கப் போனோம். பலகை நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் அதன் அடியில், வேப்பமர நிழலில், பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஓர் ஓட்டோ. விபத்தோ என்று பதறி இறங்கி ஓடினேன். எல்லாரும் நிம்மதியாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

கீரைக்கட்டுகளைச் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த ஓர் அம்மா பலகையைக் காட்டினார். அது நாற்பது என்றது. "நாப்பதுக்கு நான் எங்கை தம்பி போறது? பதினைஞ்சு வரட்டும்."

மோட்டார் சைக்கிள்காரர் நேர்மாறு. "பதினைஞ்சு, இருவதிலை போனால் இது ஆடும் அண்ணை. முப்பத்தைஞ்சுக்கு மேலை வந்தால் தான் எனக்குச் சரி. இப்ப வந்திட்டுது, வாறன்" என்று சொல்லிக் கிளம்பினார். ஓட்டோக்காரர் உள்ளே இருந்த தயிர்ச் சட்டிகளைக் காட்டினார். "இருவதுக்கு மேலை போனால் உதெல்லாம் சரிஞ்சிடும்."

அதாவது, விளக்கடியில் யாரும் நிற்கக்கூடாது என்று நாங்கள் வைத்த பலகையின் கீழே எல்லாரும் நின்றார்கள். அவரவருக்கு ஏற்ற எண் வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஏறிப் போனார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். இது நிற்பதற்கான பலகை இல்லை, நிற்காமல் போவதற்கான பலகை, எண்ணுக்கேற்ப நீங்கள்தான் வேகத்தை மாற்ற வேண்டும் என்றேன். கீரைக்கார அம்மா கவனமாகக் கேட்டார். "நிக்காமல் போறதெண்டால் எங்களுக்கு ஏலுமான நம்பர் வரவேணும்தானே? அதுக்கு நிண்டுதானே பாக்கவேணும்?" என்றார். அதற்குள் பதினைந்து விழுந்தது. சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது. வண்ணாரப்பேட்டையில் இப்படி ஒரு பலகை வைத்தால் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் அதன் மேல் காதணி விழா பேனர் தொங்கும். கேட்காதவர்களைச் சமாளிக்க எனக்குப் பழக்கம் உண்டு. இப்படி அளவுக்கு மீறிக் கேட்கிறவர்களை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த நாள் ரஞ்சினி, "பலகையடியில் நிற்க வேண்டாம்" என்று ஓர் அறிவிப்பு எழுதிக் கட்டினார். ஜனங்கள் அதையும் மதித்தார்கள். பலகையடியை விட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள்.

திருநெல்வேலிச் சந்தியில் ஓர் இளம் பொலிஸ்காரர் எங்களிடம் வந்து ரஞ்சினியோடு சிங்களத்தில் வெகுநேரம் பேசினார். முகத்தில் உண்மையான கவலை. என்ன கேட்கிறார் என்று கேட்டேன். "பலகையில் இருக்கிற எண்ணைவிட வேகமாகப் போகிறவனைப் பிடிப்பதா, மெதுவாகப் போகிறவனைப் பிடிப்பதா என்று கேட்கிறார்" என்று ரஞ்சினி மொழிபெயர்த்தார். இரண்டு பேரையும் பிடிக்கக்கூடாது என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது. "அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை என்கிறார்" என்றார் ரஞ்சினி.

அன்று மினிபஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். கூட்டத்தில் ஒரு கால் மட்டும்தான் எனக்குச் சொந்தமாக இருந்தது. பலகை இருபத்தாறு என்றது, சாரதியும் ஒழுங்காக இருபத்தாறில் ஓட்டினார். எனக்கு மனசு குளிர்ந்தது. அப்போது ஓர் ஒழுங்கைக்குள், நம் ஊர்ச் சந்து மாதிரி, வெகுதூரத்தில், குடைபிடித்துக்கொண்டு ஓர் ஆசிரியை நடந்துவருவது தெரிந்தது. பஸ் நின்றது. அவர் ஓடவில்லை, நடந்தேதான் வந்தார். ஏறினார். சந்திக்குப் போனோம், சிவப்பு. "உங்கடை போர்ட் சொன்னது பிழை" என்றார் கண்டக்டர். பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

இந்த லட்சணத்தில்தான் செல்வம் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டு பேரும் தேநீர்க்கடையில் வடை தின்றுகொண்டிருந்தோம்.

"சேர், உந்த நம்பரைப் பாத்து ஓடினால் சிவப்பு விழாது எண்டுறது உண்மையோ?"

"உண்மைதான்."

"மூண்டு சந்தியிலையும்?"

"மூணுலயும்."

வெள்ளிக்கிழமை அவர் தம்பிக்குக் கல்யாணம். தம்பி குமாரனுக்கு நாற்பத்துநான்கு வயது. உரும்பிராய் வீட்டிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் உள்ள மண்டபத்துக்குப் போக வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை கல்யாணம் குழம்பியிருக்கிறது. ஒரு தடவை, மாப்பிள்ளை ஊர்வலம் பாதி வழியில் போகும்போது பெண் வீட்டில் ஒரு சாவு என்று செய்தி வந்து திரும்பிவிட்டார்கள். இன்னொரு தடவை, போர் நடந்த பழைய காலத்தில், ராணுவச் சோதனைச் சாவடியில் ஒருவன் கையைக் காட்டி வண்டியை மறித்தான். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் குமாரன் வெயிலில் இறங்கி நின்றார். விட்டபோது முகூர்த்தம் போயிருந்தது. பெண் வீட்டார் மனமும் மாறிவிட்டது.

"அம்மாவுக்கு அந்தக் கை கண்ணுக்குள்ளை நிக்குது சேர். இந்த முறையும் வழியிலை ஆரும் மறிச்சால், எதுவும் மறிச்சால், தான் மண்டபத்துக்கை கால் வைக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. கலர் லைற்றும் மறிக்கிறதுதானே எண்டுறா. அவ வராமல் தாலி கட்ட மாட்டன் எண்டுறான் தம்பி. நீங்கள் எங்களோடை காரிலை முன்னுக்கு இருந்து வாருங்கோவன்."

வருகிறேன், சிவப்பே விழாது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் புரியவில்லை. அந்த மினிபஸ்ஸில் பட்ட அவமானமாக இருக்கலாம்.

அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். புட்டும் முட்டைப் பொரியலும், உள்ளங்கை அளவு மாம்பழத் துண்டும். செல்வத்தின் அம்மா வெள்ளைச் சேலையில், கதவின் ஓரத்தில் நின்றே பேசினார்.

"அந்த நம்பர்ப் பெட்டி எங்களைப் பாத்துத்தான் சொல்லுதோ தம்பி? இல்லை, எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுதோ?"

"பொதுவாத்தான் அம்மா."

"அப்ப எங்களுக்கு எப்பிடிச் சரிவரும்?"

எல்லாருக்கும் சரிவருவது உங்களுக்கும் சரிவரும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. விளக்கே இல்லாத ஒழுங்கைகளின் வழியாகப் போய்விடலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். "மாப்பிளையை ஒழுங்கையாலை களவாக் கொண்டுபோறதோ?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ரஞ்சினியிடம் போய், வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் பச்சையைப் பிடித்து வைக்க முடியுமா என்று மெல்லக் கேட்டேன். "சோதினை நடக்கேக்குள்ளை நீங்களே இப்பிடிக் கேக்கலாமோ சேர்? மாப்பிளைக்குப் பிடிச்சு வைச்சால், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவன் வந்து கேப்பான். நான் என்ன சொல்லுறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கடை வீட்டிலை சகுனம் பாத்தால் அப்பாவின்ரை அப்பா அடிப்பார். ஆனாப் பூனை குறுக்கை போனால் அம்மா வேதப்புத்தகத்திலை ஒரு வசனம் வாசிச்சிட்டுத்தான் வெளிக்கிடுவா. எனக்கு விளங்குது. ஆனா ஏலாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. முதலில் திறந்த வண்டியில் வீடியோக்காரர். அடுத்து பூச்சரம் கட்டிய கார். செல்வம் ஓட்ட, நான் பக்கத்தில், பின் இருக்கையில் தலைப்பாகையோடு குமாரனும் அவரை அழைத்துப்போக வந்த தோழனும். தோழன் பெண்ணின் தம்பி. எங்களுக்குப் பின்னால் வான்கள், மேளக்காரர், கடைசியாக ஒரு பஸ். அம்மா எங்கே என்று கேட்டேன். "பஸ்ஸிலை பின்னுக்கு இருக்கிறா. புருசன் இல்லாதவ முன்னுக்கு வரக்கூடாது எண்டு காரிலை ஏறமாட்டன் எண்டிட்டா" என்றார் செல்வம். எனக்குள் ஏதோ உறுத்தியது. என்னவென்று யோசிப்பதற்குள் உரும்பிராய்ப் பலகை வந்துவிட்டது.

நாற்பத்திரண்டு. "நாப்பத்திரண்டுல விடுங்க" என்றேன். செல்வம் விட்டார். சந்திக்குப் போனோம், பச்சை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. குமாரன் மட்டும் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, பஸ் நிண்டிட்டுது."

நாங்கள் பச்சையின் கடைசி நொடிகளில் நுழைந்திருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு வான் வந்தது. மேளமும் பஸ்ஸும் சிவப்பில். என் வாழ்க்கையில் பாதியை விளக்குகளோடு கழித்தவன் நான். ஒரு காரைப் பற்றியே யோசித்தேன். ஒரு கல்யாணம் எவ்வளவு நீளம் என்று யோசிக்கவில்லை. யாரைச் சிவப்பு மறிக்கக்கூடாதோ அவரைத்தான் மறித்திருந்தது. செல்வம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோண்டாவில் பலகை வந்தது. வேப்பமரத்தடியில் வழக்கமான சைக்கிள் கூட்டம். குமாரன், "இதிலை நிப்பாட்டுங்கோ" என்றார். கார் நின்றது. மாப்பிள்ளையைக் கண்டதும் கூட்டம் விலகி இடம் விட்டது. அந்தக் கீரைக்கார அம்மாவும் நின்றார். "உங்களுக்கு எத்தினை வேணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

சற்று நேரத்தில் பஸ் வந்து பின்னால் நின்றது. குமாரன் தலைப்பாகையோடு இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறினார். நானும் போனேன். அம்மா கடைசி வரிசையில், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மறிச்சுப்போட்டுதடா. நீ போ. நான் இப்பிடியே வீட்டை போறன்."

"நீங்கள் நிண்டால் நானும் நிண்ட மாதிரித்தானேம்மா. பிறகென்ன முன்னுக்குப் பின்னுக்கு? வாங்கோ."

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"எங்களை மறிச்சவை செய்ததை விட ஆக்கள் என்ன பெரிசாச் சொல்லப்போயினம்? எழும்புங்கோ."

கையைப் பிடித்து எழுப்பினார். பஸ்ஸில் இருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரி செய்துவிட்டாள். தோழன் வானுக்குப் போனார். பெண் வீட்டாராக இருந்தும் அவர், அம்மா முன்னால் வருவதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றே சொன்னார். அம்மா மகனின் பக்கத்தில், காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தார்.

"பதினைஞ்சு வருது" என்றார் கீரைக்கார அம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து விழும்போது புறப்பட்டால் பச்சையின் முதல் நொடியில் போய்ச் சேருவோம். பின்னால் எத்தனை வண்டி இருந்தாலும் முழுப் பச்சையும் நமக்கு. இந்தச் சைக்கிள்காரர்கள் தங்கள் வசதிக்காகக் காத்து நின்றார்களே தவிர இந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை.

பதினைந்தில் போனோம். காரின் இரண்டு பக்கமும் சைக்கிள்கள் கூட வந்தன. மேளம் வாசித்துக்கொண்டே வந்தார்கள். சந்தியில் பச்சை விழுந்தது. கடைசி பஸ் தாண்டும்வரை அது பச்சையாகவே இருந்தது. "அம்மா, பாத்தியளோ?" என்றார் செல்வம். அம்மா கோயிலில் நிற்பது போல் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் இருந்தது திருநெல்வேலி விளக்கு. அங்கே நிற்கலாம், எண் வரும்வரை காத்திருக்கலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பலகைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வீடியோக்காரர் திரும்பி நின்று கையைத் தாழ்த்தி, மெல்ல, மெல்ல என்று சைகை காட்டினார். ஊர்ந்தோம். பலகையைத் தாண்டும்போது அது முப்பத்தெட்டு என்றது. நாங்கள் பத்தில் போனோம். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நெருக்கியடித்து வண்டிகள், நிற்க இடமில்லை. தூரத்தில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது.

சந்தியின் நடுவில் அந்த இளம் பொலிஸ்காரர் நின்றார். எங்களைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

அம்மா முன்னால் எட்டி என் தோளைப் பிடித்தார். விரல்கள் பதிந்து வலித்தது. "மறிக்கிறான்" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். குமாரன் கதவுப் பிடியில் கையை வைத்தார், இறங்கி நிற்கத் தயாரானவர் போல.

ஆனால் அந்தக் கை எங்கள் பக்கம் இல்லை. அவர் எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி, குறுக்கு வீதியில் பச்சைக்குக் கிளம்பிய வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். மற்றக் கையால் எங்களை வா, வா என்று அழைத்தார். கார் பக்கத்தில் போனதும் குனிந்து உள்ளே பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "போங்கோ, போங்கோ" என்றார்.

"அம்மா, கண்ணைத் திறவுங்கோ" என்றார் செல்வம். "எங்களை மறிக்கேல்லை. எங்களுக்காக மறிக்கிறான்."

அம்மா திரும்பிப் பின்கண்ணாடி வழியாக, பஸ் தாண்டும்வரை அந்தப் பையனையே பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, உங்கடை கணக்கிலை இது பச்சையோ, சிவப்போ?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "சிவப்புதாம்மா" என்றேன்.

மண்டபத்து வாசலில் கார் நின்றபோது அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கி நின்று, வந்த பாதையை ஒருமுறை பார்த்தார்.

"சிவப்பிலையும் விடுவாங்கள் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.